குழந்தைப் பராமரிப்பு நிலைப்படுத்தல் மானியம் (அமெரிக்கா)

கோவிட்-19 பெருந்தொற்றின்போது குழந்தைப் பராமரிப்பகங்கள் மூடப்படாமல் காக்க அமெரிக்கக் கூட்டாட்சி அரசு வழங்கிய நிதியுதவி. 2020 மார்ச்சில் இயற்றப்பட்ட கேர்ஸ் சட்டம் இத்துறைக்கு 350 கோடி டாலரும், டிசம்பரில் வந்த நிவாரணச் சட்டம் 1,000 கோடி டாலரும் ஒதுக்கியிருந்தன. 2021 மார்ச் 11 அன்று நடைமுறைக்கு வந்த அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் இம்மானியத்துக்கென்றே ஏறத்தாழ 2,400 கோடி டாலர் அளித்தது.

அங்குள்ள பராமரிப்பகங்களில் பெரும்பாலானவை பெற்றோர் செலுத்தும் கட்டணத்தையே நம்பியவை. குழந்தைகள் வராதபோது கட்டணம் நின்றது. வாடகையும் ஊதியமும் நிற்கவில்லை. உதவியை நேரடியாகப் பராமரிப்பகங்களுக்கே கொடுத்தது இத்திட்டத்தின் சிறப்பு. மாநில அரசுகள் பணத்தைப் பிரித்து வழங்கின. வீட்டிலேயே சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களும், தொற்றால் தற்காலிகமாக மூடியிருந்தவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. ஊதியம், வாடகை, மின்கட்டணம், கிருமிநீக்கப் பொருட்கள், பணியாளர்களின் மனநல உதவி ஆகியவற்றுக்கு இதைச் செலவிடலாம். பணியாளர் ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்பது முக்கியமான நிபந்தனை. பெரும்பாலும் பெண்களான இப்பணியாளர்கள் முன்பே மிகக் குறைந்த ஊதியம் பெற்றவர்கள் என்பதால் அது அவசியமாகவும் இருந்தது.

இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பராமரிப்பகங்கள் பயன்பெற்றன. 2023 செப்டம்பர் 30 அன்று மானியக் காலம் முடிந்தது. அதற்கு ஈடான கூட்டாட்சி நிதி பின்னர் ஒதுக்கப்படவில்லை. சில மாநிலங்கள் மட்டும் சொந்த நிதியில் உதவியைத் தொடர்ந்தன.