ஹம்மர்பெஸ்ட் கடலிலிருந்து கிளம்பிய ஓர் எண்

நார்வேயின் வட கோடியில், 70 டிகிரி அட்சரேகையையும் தாண்டி, ஹம்மர்பெஸ்ட் என்ற சின்னத் துறைமுக நகரம் இருக்கிறது. நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் ஜனவரி பிற்பகுதியில்தான் மறுபடி தலைகாட்டும். இருந்தாலும் வெப்ப நீரோட்டத்தின் புண்ணியத்தில் துறைமுகம் உறைவதில்லை. அளக்கிறவர்களுக்கு இந்த ஊர்மேல் நெடுங்காலமாகவே ஒரு கண். 1823இல் எட்வர்டு சபைன் என்ற விஞ்ஞானி ஊசல் கருவியோடு இங்கே வந்திறங்கி, பூமியின் வடிவத்தைக் கண்டறிய அளவெடுத்தார். பரங்கிமலையில் 1802இல் லாம்டன் தொடங்கிய நில அளவையைப் போல ஐரோப்பாவில் வானியலாளர் ஸ்துருவே நடத்திய அளவைக்கு வடக்கு முனை இந்த ஊர்தான். இங்கிருந்து கருங்கடல் பக்கம் வரை 2,820 கிலோமீட்டர் நீளும் அந்த அளவைக் கோடு 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அந்தக் காலத்து அளவுகள் அச்சுப் புத்தகங்களாக ஊர் ஊராகப் போயின. இன்று ஹம்மர்பெஸ்டிலிருந்து கிளம்பும் அளவுகள் தரவுத்தளத்தில் குடியேறி, அங்கிருந்து எழுத்துக் கோப்புகளாக வெளியே வருகின்றன. அவற்றில் ஒன்றின் பின்னால் போய்ப் பார்க்கலாம். 187.4 என்று வைத்துக்கொள்வோம். துறைமுகத்தில் ஒரு கணத்தில் கடல் நின்ற உயரம், சென்டிமீட்டரில்.

நார்வே நில அளவைத் துறையான கார்ட்வெர்கெட் நாட்டின் கரையோரமாக 20க்கும் மேற்பட்ட நிரந்தர நீர்மட்ட நிலையங்களை வைத்திருக்கிறது. ஹம்மர்பெஸ்ட் அவற்றில் ஒன்று. கடல் மட்டத்தை அளப்பதில் முதல் தொல்லை அலை. அதற்குப் பழைய தீர்வு, கரையோரம் ஒரு கிணறு அமைத்து, கீழே சிறிய துளை வழியாக மட்டும் கடலை உள்ளே விடுவது. அலை வெளியிலேயே நின்றுவிடும், மெதுவாக ஏறி இறங்கும் ஓதம் மட்டும் உள்ளே தெரியும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஹம்மர்பெஸ்டில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். சென்னையில் அது ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது.

நம்முடைய எண் தரவுத்தளத்துக்குள் தனியாக நுழைவதில்லை. எந்த நிலையம், எந்த நேரம், எந்த அடித்தளத்திலிருந்து அளந்தது, தரம் சரிபார்த்ததா இல்லையா என்று ஒரு சுற்றமே கூட வருகிறது. அடித்தளத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கடல் வரைபடத்தின் சுழியத்திலிருந்து அளந்தால் ஓர் எண், சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளந்தால் வேறு எண், என்என்2000 என்ற நார்வேயின் உயர முறையில் இன்னோர் எண். மூன்றும் ஒரே தண்ணீர்தான். தரவுத்தளத்துக்குள் இருக்கும்வரை இதில் குழப்பம் வராது. ஒவ்வொரு விவரத்துக்கும் தனித்தனி நெடுவரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை, ஒரு கட்டுப்பாடு.

வம்பு வெளியே வரும்போதுதான் தொடங்குகிறது. யாரோ ஒருவர் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரு வினவல் எழுதுகிறார்: இந்த நிலையம், இந்த மாதம், நேரமும் மட்டமும் கொடு. விடை திரையில் ஓடுகிறது. இதை ஒரு கோப்பில் இறக்கித் தாருங்கள் என்கிறார் மேலாளர். அரை நிமிட வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் வினவலோடு ‘இன்டு அவுட்ஃபைல்’ என்று சேர்த்தால் கோப்பு பிறந்துவிடும். ஆனால் அது பிறக்கும் இடம் உங்கள் மடிக்கணினி அல்ல, சர்வர். புதிதாக வேலைக்கு வந்த பையன் தன் டெஸ்க்டாப்பில் தேடிக்கொண்டிருப்பான். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் மைஎஸ்கியூஎல் அதன்மேல் எழுதாது, மறுத்துவிடும். கோப்பு எழுதத் தனி அனுமதி வேண்டும், குறிப்பிட்ட அடைவுக்குள் மட்டும் எழுது என்று நிர்வாகி கட்டிப்போட்டிருக்கவும் கூடும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வினவல் எழுதத் தெரிந்தவரெல்லாம் சர்வரில் கண்ட இடத்தில் கோப்பு எழுதலாம் என்றால் என்ன ஆகும் என்று யோசித்தால் எரிச்சல் அடங்கிவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் கோப்பு எழுதும் வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டது. ‘காப்பி’ கட்டளை சர்வரில் எழுதும், முன்னால் பின்சாய்கோடு போட்ட ‘காப்பி’ உங்கள் கணினியில் எழுதும். ஆரக்கிளின் பழைய ‘ஸ்பூல்’ இன்னொரு தினுசு. திரையில் ஓடுவதை அப்படியே கோப்பில் பிடித்துக்கொள்ளும். அமைப்புகளை மாற்றாமல் விட்டால் 14 வரிக்கு ஒரு முறை பக்கம் திருப்பித் தலைப்பை மறுபடி அச்சடிக்கும், கடைசியில் இத்தனை வரிகள் தேர்ந்தன என்று ஒரு வாக்கியத்தையும் ஒட்டிவிடும். அதை எண் என்று நம்பிப் படிக்கப்போகும் அடுத்த நிரலின் பாடு திண்டாட்டம்.

இப்போது 187.4 கோப்புக்குள் வந்துவிட்டது. நார்வேக்காரர்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, கமா போடுவார்கள். அங்கே எழுதினால் இது 187,4. கமாவால் பிரித்த கோப்பில் அது 187 என்றும் 4 என்றும் இரண்டு நெடுவரிசையாக உடைந்துவிடும். அதனால்தான் அந்த நாட்டில் பிரிப்பதற்குச் செமிகோலன் வழக்கம். நம்மூர் எக்செல்லில் அதே கோப்பைத் திறந்தால் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் குவிந்துகிடக்கும்.

அடுத்தது எழுத்து. ஹம்மர்பெஸ்ட் என்ற பெயரில் சிக்கலில்லை. டிரொம்சோ, வார்டோ போன்ற அக்கம்பக்கத்து நிலையங்களின் பெயரில் கோடு கிழித்த ஓர் ‘ஓ’ வரும். யுடிஎஃப்-8இல் எழுதியதைப் பழைய லத்தீன் குறிமுறையில் திறந்தால் அந்த ஓர் எழுத்து இரண்டு குப்பைக் குறிகளாகிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து போய், ஹம்மர்பெஸ்ட் இருக்கும் ஃபின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த தமிழர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. பாமினியில் தட்டச்சு செய்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்த தலைமுறை அது.

நேரம் இதைவிட மோசம். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை நார்வேயில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். பத்து நிமிடத்துக்கு ஓர் அளவு என்றால், இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட ஆறு நேரங்கள் கோப்பில் இரண்டு முறை வரும். கடிகாரத்தைத் தொடாத நாட்டில் வளர்ந்த நாம் அதை இரட்டிப்புப் பிழை என்று அழித்துவிடுவோம். அழிந்தது ஒரு மணி நேரக் கடல். நார்வேக்காரர்களுக்கு இது தெரியும். கார்ட்வெர்கெட் சேவையில் தரவு கேட்கும்போதே கோடைகால நேரம் வேண்டுமா, எந்த அடித்தளம் வேண்டும் என்று குறிப்பிட வழி வைத்திருக்கிறார்கள்.

மாதச் சராசரியாகச் சுருங்கிய பிறகு எண் இங்கிலாந்துக்குப் போகிறது. லிவர்பூலில் 1933 முதல் இயங்கும் சராசரிக் கடல் மட்ட நிரந்தரச் சேவைதான் உலகத்துக் கடல் மட்டங்களின் களஞ்சியம். சென்னையும் அந்தப் பட்டியலில் உண்டு. அங்கே ஒவ்வொரு நிலையத்தின் மாதச் சராசரிக்கும் ஓர் எளிய எழுத்துக் கோப்பு, செமிகோலனால் பிரித்தது. நேரம் கூடத் தசமத்தில்தான்: ஜனவரி என்றால் ஆண்டுக்குப் பின் .0417. மட்டம் மில்லிமீட்டரில் இருக்கும், பெரும்பாலும் 7,000ஐ ஒட்டி. கடல் ஏழு மீட்டர் உயர்ந்துவிட்டதாகப் பதற வேண்டாம். கணக்கில் எதிர்மறை எண் வராமலிருக்க, அடித்தளத்தைச் சராசரி மட்டத்துக்குச் சுமார் ஏழு மீட்டர் கீழே வைத்துக்கொண்டார்கள். அளவு கிடைக்காத மாதத்துக்கு -99999. இதை அறியாமல் சராசரி போட்டால் ஹம்மர்பெஸ்ட் கடல் பாதாளத்துக்கே போய்விடும். இந்த விளக்கம் எதுவும் அந்தக் கோப்பில் இல்லை. தலைப்பு வரியே கிடையாது, விளக்கக் குறிப்புகள் தனியாக இருக்கின்றன.

கோப்பு இத்தனை மொட்டையாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த நிறுவனத்தின் மென்பொருளும் இல்லாமல், எந்தக் கணினியிலும் அதைத் திறக்கலாம். பனியுகம் முடிந்து பனிப்பாறையின் பாரம் நீங்கியதால் ஸ்காண்டிநேவிய நிலம் இன்றும் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதனால் ஆஸ்லோ கரையில் கடல் மட்டம் இருபதாம் நூற்றாண்டில் தாழ்ந்தே வந்தது. இதைச் சென்னையில் இருக்கும் ஒரு மாணவி தன் மேசையிலிருந்தே சரிபார்க்க முடிவது இந்த எழுத்துக் கோப்புகளால்தான். ஆனால் குறிப்புகளையும் சேர்த்து இறக்கிக்கொள்ளாவிட்டால் அவள் கையில் இருப்பது வெறும் எண்கள்.

நீங்கள் இறக்குவது கடல் மட்டமாக இல்லாமல் ரேஷன் கடை இருப்பாகவோ கல்லூரி மதிப்பெண்ணாகவோ இருக்கலாம். கோப்பின் தலையில் நான்கு வரி எழுதிவிடுங்கள்: எந்த வினவல், எந்த நாள் எடுத்தது, என்ன அலகு, விடுபட்ட இடத்துக்கு என்ன குறி. தலைப்பு வரி கூடாது என்று வாங்குகிறவர் அடம்பிடித்தால், அதே பெயரில் பக்கத்திலேயே இன்னொரு கோப்பாக வைத்து அனுப்புங்கள்.