ஆஸ்திரேலியாவின் ‘பணி மற்றும் விடுமுறை’ விசா: டெல்டா பட்டதாரிகள் அறிய வேண்டியவை

இந்திய–ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி, ‘பணி மற்றும் விடுமுறை’ விசா (துணைப்பிரிவு 462) 2024 முதல் இந்தியர்களுக்கும் கிடைக்கிறது. ஆண்டுக்கு 1000 இடங்கள். ஓராண்டு தங்கி வேலை செய்யலாம்.

தகுதி: வயது 18 முதல் 30 வரை, குறைந்தது ஈராண்டு உயர்கல்வி, அடிப்படை ஆங்கிலத் தேர்ச்சி, ஏறத்தாழ 5000 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்பு.

நடைமுறை: முதலில் 25 டாலர் கட்டணத்துடன் இணையவழிக் குலுக்கலுக்குப் பதிய வேண்டும். அதில் தேர்வானவர் மட்டுமே விசாவுக்கு விண்ணப்பிக்க இயலும்.

குலுக்கல் சாதி கேட்பதில்லை. கையிருப்பு நிபந்தனையோ நிலம் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துவிடுகிறது. குடவாசல் வட்டாரத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் தலித் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட அத்தொகை கந்துவட்டியாகவே வரக்கூடும். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கே உரியது.

எச்சரிக்கை: குலுக்கலில் இடம் வாங்கித் தர எந்த முகவராலும் இயலாது. பதிவுச் சான்றின்றி வெளிநாட்டு வேலைக்கு ஆள்சேர்ப்பதை 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், பிரிவு 10 தடை செய்கிறது. அசல் கடவுச்சீட்டையும் சான்றிதழ்களையும் எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். பணம் கொடுத்திருந்தால் ரசீதுடன் காவல்துறையில் எழுத்துவழிப் புகார் அளியுங்கள்.

குலுக்கலில் தேர்வாகும் பட்டியல் சாதி இளைஞர்களுக்கு இக்கையிருப்பை வட்டியில்லாக் கடனாக அரசு வழங்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.