பூட்டிய ஏடும் பாட்டன் பெயரும்

பொன்முடி மலைச்சாலையில், கல்லாற்றங்கரையில் நின்று, "தேயிலைத் தோட்டத்திற்கு வந்த எம் பாட்டனார் எவ்வூரினர்?" என வினவும் தமிழ்க் குடும்பங்கள் உள. விடை பழைய குடிமதிப்பு ஏடுகளில் கிடைக்குமெனக் கருதுதல் இயல்பே.

திருவிதாங்கூர் அரசு 1875ஆம் ஆண்டில் குடிமதிப்பு எடுத்தது. வி. நாகமய்யா வரைந்த அறிக்கை, மக்கள் 23,11,379 பேர் எனக் கூறும். அங்குத் தொகையுண்டு, நம் பாட்டன் பெயரில்லை. விடுதலைக்குப் பிந்திய கணக்குகளின் படிவங்களில் பெயருண்டு; ஆயின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அவற்றைப் பார்வையிடும் உரிமையை எவர்க்கும் அளிக்கவில்லை.

இப்பூட்டு வீணன்று. கணவனைப் பிரிந்த மங்கையும், பிறர்க்குரையாத சாதியினரும், மறைவு காக்கப்படும் என நம்பியன்றோ உண்மை உரைத்தனர்? அந்நம்பிக்கை சிதைந்தால் அடுத்த கணக்கே பொய்யாகும்.

எனினும் பூட்டிற்கு ஓர் எல்லை வேண்டாவா? இங்கிலாந்து 100 ஆண்டும், அமெரிக்கா 72 ஆண்டும் காத்தபின் திறக்கின்றன. அவ்வாறே 1921, 1950ஆம் ஆண்டு ஏடுகள் முறையே அந்நாடுகளில் 2022இல் வெளியாயின. நம் சட்டத்திலோ எல்லை குறிக்கப்படவில்லை. திறக்கும் நாள் இல்லாத ஏட்டைப் பேணும் கருத்தும் எவர்க்கும் எழாது. கோப்புகளிடையே காலங்கழிக்கும் எளியேன் அறிந்த உண்மை இது.

வாழ்வோர் மறைவு காக்கப்படுக. நூறாண்டு கடந்தபின் பாட்டன் பெயர் பெயரனுக்கு வழங்கப்படுக. அதுவரை, நம் இல்லத்து முதியோர் வாய்மொழியை இன்றே எழுதி வைப்போமாக!