பெருக்கற் கணக்கும் அடுப்படிக் கணக்கும்

அயல்நாட்டிலிருந்து ஒரு பிள்ளை பேசினால் நம் வீட்டுப் பெரியவர்கள் நலம் விசாரித்த அடுத்த கணம் கேட்பது சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். அவன் திர்ஹமில் சொல்வான். அல்லது ரியாலில் சொல்வான். சொல்லி முடிப்பதற்குள் இங்கே பெருக்கல் நடந்து முடிந்திருக்கும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பெண் பேசும் இடங்களில் நடுவே வைக்கப்படுவது அந்தப் பெருக்குத்தொகைதான். அந்த ஊரில் அரிசி என்ன விலை, தங்கும் அறைக்கு வாடகை என்ன, மனைவியையும் மக்களையும் அங்கேயே வைத்துக் காப்பாற்ற என்ன ஆகும் என்று கேட்பவர் அரியர்.

பெருக்கலில் பிழை இல்லை. ஆயினும் அது பாதிக் கணக்கு. வரவை அந்நாட்டு நாணயத்திலும் செலவை இந்நாட்டு விலையிலும் எண்ணும் முறை, ஈட்டுகிறவன் அங்கே உண்ணாமலும் உறங்காமலும் இருந்தால் மட்டுமே சரியாகும். மீதிப் பாதியை நம் முன்னோர் எவ்வாறு கணக்கிட்டனர், நாம் அதை எங்கே தவறவிட்டோம் என்பதைச் சற்றே வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

மதுரைக்கு வந்த பயணி

நம் ஊர்களிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருப்பது மதுரை. அந்த மதுரைக்கு 1340களில் இப்னு பதூதா வந்தார். அன்று அங்கே ஆட்சி புரிந்த சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. அப்பெரும் பயணியின் நூலில் அரசவைகளையும் அற்புதங்களையும் தேடிப் படிப்போர் பலர். அவர் சென்ற ஊரெல்லாம் சந்தை விலையைக் குறித்து வைத்தார் என்பதைக் கவனித்தோர் சிலரே.

பின்னர் வங்காளம் சென்றபோது, அவ்வளவு மலிவான நாட்டைத் தாம் கண்டதில்லை என்று அவர் எழுதினார். கொழுத்த கோழிகள் எட்டு, ஒரு திர்ஹமுக்குக் கிடைத்தனவாம். அங்கே முன்பு வாழ்ந்த முஹம்மது அல்மஸ்மூதி என்ற மேலை நாட்டுப் பெரியவர், தாமும் மனைவியும் பணியாளும் ஆக மூவருக்கு ஓராண்டு உணவுப் பொருளை எட்டு திர்ஹமுக்கு வாங்கியதாக அவரிடம் கூறியிருந்தார். ஒரு குடும்பம், ஓர் ஆண்டு, ஒரு தொகை: இதைவிடத் தெளிவான குடும்பக் கணக்கை இன்றைய பொருளியல் அறிஞரிடத்தும் காண்பது கடினம்.

1349இல் தாயகமாகிய மொராக்கோவுக்குத் திரும்பிய அவர் இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்தார். தம் நாட்டு திர்ஹம் சிறியது. எகிப்தின் வெள்ளி திர்ஹம் ஒன்றுக்கு அதில் ஆறு ஈடாகும். எனவே எகிப்தில் பொருளீட்டுவதே மேல் என்று எண்ணத் தோன்றும். இப்னு பதூதாவோ ஆட்டிறைச்சியைத் துலாக்கோலில் வைத்தார். எகிப்தில் 18 அவுன்ஸ் இறைச்சிக்கு ஒரு பெரிய திர்ஹம், அதாவது ஆறு சிறிய திர்ஹம். மொராக்கோவில் விலை ஏறிய காலத்திலும் அதே அளவு இறைச்சிக்கு இரண்டு சிறிய திர்ஹம்தான். மூன்றில் ஒரு பங்கு விலை! நாணயத்தின் பருமனை விட்டு அது வாங்கித் தரும் உணவைப் பார் என்பது அவர் நமக்குக் காட்டிய வழி.

ஒரே நாணயம் ஓடிய நாட்கள்

நம்மவர் கடல் கடந்து சென்ற நாடுகள் பலவற்றில் நெடுங்காலம் ரூபாயே செலாவணியாக இருந்தது. இரங்கூனில் கடை வைத்த சோழியா முஸ்லிமும், கொழும்பில் வாணிகம் செய்தவரும் ரூபாயில் ஈட்டினர், ரூபாயிலேயே அனுப்பினர். பெருக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எனவே ஒப்பிட எஞ்சியது விலை ஒன்றே. பர்மா அரிசி விளைந்த நாடு. இலங்கையோ அரிசியை வெளியிலிருந்து வரவழைத்த நாடு. அதனாலன்றோ இலங்கையில் 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இந்தியத் தோட்டத் தொழிலாளரின் கூலியை மட்டும் வரையறுத்து நிற்காமல், அவர்களுக்குத் தோட்டம் வழங்கும் அரிசியின் விலையையும் கூடவே கருதிற்று. அரிசி விலை தெரியாமல் கூலியின் மதிப்புத் தெரியாது என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது.

வளைகுடாவிலும் ரூபாய் ஓடியது என்பது இன்றைய இளைஞருக்கு வியப்பாக இருக்கும். குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் முதலிய இடங்களில் இந்திய ரூபாயே புழங்கியது. தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, 1959இல் நம் ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கென்றே தனி நோட்டுகளை வெளியிட்டது. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் சொந்த தினாரைக் கொண்டன. 1966 ஜூன் 6ஆம் நாள் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது, கத்தாரும் துபாயும் அதைக் கைவிட்டன.

அந்த ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். குவைத் தினார் பிரிட்டிஷ் பவுனுக்குச் சமமாக வைக்கப்பட்டிருந்தது. ஒரு தினாருக்கு அதுவரை 13 ரூபாய் 33 காசு. மதிப்புக் குறைப்புக்குப் பின் 21 ரூபாய். ஒரே இரவில் குவைத்துக்காரர் வீட்டு வரவு ஒன்றரை மடங்குக்கு மேலாயிற்று. அவர் அங்கே உண்ட ரொட்டியில் ஒரு துண்டும் கூடவில்லை. உழைத்த நேரத்தில் ஒரு நாழிகையும் குறையவில்லை. பெருக்கற் கணக்கு நம் குடும்பங்களை வளைகுடாவின் பெயரால் ஆளத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான் என்று நாம் கருதுகிறோம். அதே ஆண்டுகளில் இங்கே வறட்சியும் உணவுத் தட்டுப்பாடும் நிலவின. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே பெரும் வாக்குறுதியாக முழங்கிற்று. ஊரே அரிசியால் ரூபாயை அளந்த காலத்தில், கடல் கடந்த பணத்தை மட்டும் நாம் ரூபாயாலேயே அளக்கத் தொடங்கினோம்.

வெள்ளியும் காசும்

மலாய் நாட்டில் முன்பிருந்தே வேறு நாணயம். அந்நாட்டு டாலரை நம்மவர் ‘வெள்ளி’ என்றும் அதன் நூற்றில் ஒரு பங்கைக் ‘காசு’ என்றும் வழங்கினர். 1906இல் ஒரு வெள்ளி 28 பென்னி என்று நிலைநிறுத்தப்பட்டது. 1927இல் நம் ரூபாய் 18 பென்னி என்றாயிற்று. ஆகவே ஒரு வெள்ளி ஏறத்தாழ 1 ரூபாய் 9 அணா. 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு கூலி என்று பல பகுதிகளில் வரையறுத்தனர். நம் கணக்கில் அது 12 அணாவுக்குச் சற்று மேல். இங்கிருந்து கேட்டவருக்கு அது பெரிதாக ஒலித்தது. ஆனால் மலாயா தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியைச் சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வரவழைத்தது. தொழிலாளர் குடும்பத்தின் வரவுசெலவுப் பட்டியலை ஆராய்ந்தே அக்கூலியை நிர்ணயித்தனர். அதாவது உண்டு உடுத்தபின் எஞ்சுவது சிறிதே. 1938இல் அந்த 50 காசும் 45 ஆகக் குறைக்கப்பட்டபோது, இந்திய அரசு தொழிலாளர்களை உதவி தந்து அனுப்பும் முறையையே நிறுத்திவிட்டது. ஐந்து காசு ஒரு பெருங்குடியேற்றத்தின் கதவை அடைத்தது.

இங்கே நம் அண்டை ஊர் ஒன்றை நினைவுகூர வேண்டும். ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி கடந்தால் கடையநல்லூர். அவ்வூரின் நெசவாளர் முஸ்லிம்கள் கைத்தறி நலிந்த காலத்தில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். மற்றவரினின்றும் அவர்கள் வேறுபட்ட இடம் ஒன்றுண்டு. பலர் தனியே செல்லாமல் குடும்பத்தோடு சென்றனர். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் ஆடவர் உழைக்க, பெண்டிர் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். அங்கே இன்றும் கடையநல்லூர் என்ற பெயரில் தெரு ஒன்று உள்ளது. 1946இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவிற்று. 1982 வரை அப்பள்ளி நடந்தது.

இவர்களுக்கு வெள்ளியை ரூபாயாகப் பெருக்கும் அவசியம் குறைவு. அவர்கள் வெள்ளியில் ஈட்டி வெள்ளியிலேயே அரிசி வாங்கினர். விலை ஏறினால் அம்மிக்கல் இன்னும் ஒரு நாழிகை அதிகம் சுழன்றது. மீதம் குறைந்திருக்கலாம், ஆனால் பிள்ளை தந்தையின் முகம் பார்த்து வளர்ந்தது, தமிழும் படித்தது. இந்த வரவை எந்த நாணயத்தில் எழுதுவது?

திர்ஹமும் ரியாலும்

இன்றைய நிலைக்கு வருவோம். அமீரகத்தின் திர்ஹமும் சவூதி ரியாலும் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம், 3.75 ரியால். ஆகவே டாலருக்கு எதிராக நம் ரூபாய் தாழும்போதெல்லாம் இங்குள்ள பெருக்குத்தொகை தானே உயர்கிறது. 2022இல் டாலர் 80 ரூபாயைக் கடந்தபோது திர்ஹம் 21 ரூபாய் 78 காசைத் தாண்டியது.

அமீரகத்தில் வேலை பார்ப்பவர் தம் குடும்பத்தை அழைத்துக்கொள்ள 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். தங்குமிடம் நிறுவனமே தந்தால் 3,000 போதும் என்பது 2019இல் திருத்தப்பட்ட விதி. மேற்சொன்ன கணக்குப்படி 4,000 திர்ஹம் 87,000 ரூபாய்க்கு மேல். ராஜபாளையத்தில் இத்தொகை செல்வர் வருவாயாக ஒலிக்கும். அங்கோ அது, மனைவி மக்களோடு ஒரு கூரையின் கீழ் வாழ அரசு வைத்த முதற்படி மட்டுமே. அதற்குமேல்தான் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும்.

சவூதியில் 2017 முதல், அயல்நாட்டுத் தொழிலாளியோடு வாழும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் 100 கூடி, 2020இல் அது 400 ரியாலாயிற்று. மனைவியும் இரு மக்களும் எனில் ஆண்டுக்கு 14,400 ரியால். டாலர் 80 ரூபாய் என்றால் 3,07,200 ரூபாய். அதே 2020 ஜூலையில் விற்பனை மீதான மதிப்புக்கூட்டு வரியும் 5 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்ந்தது. தனியே இருப்பவன் ஒரு கட்டிலுக்கு வாடகை தந்து, பலரோடு கூட்டுச் சமையலில் உண்டு, மிச்சத்தை அனுப்புகிறான். நாம் காணும் மிச்சம் பெரும்பாலும் நாட்டின் மலிவால் வந்ததன்று. அவன் தன்னை ஒறுத்துக்கொண்டதால் வந்தது. இதை அவன் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

சட்ட நூலார் கண்ட அளவு

நம் சட்ட மேதைகள் இவ்விடத்தில் வியக்கத்தக்க தெளிவு காட்டினர். மனைவிக்குக் கணவன் தர வேண்டிய நஃபகாவை ஷாஃபி மத்ஹபின் நூல்கள் தானியத்தால் அளந்தன. இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ கூறும் முறைப்படி, வறியவன் நாளொன்றுக்கு ஒரு முத்து, நடுத்தரத்தான் ஒன்றரை, வசதியுள்ளவன் இரண்டு. அந்தத் தானியமும் அவ்வூரில் பெரும்பாலோர் உண்ணும் உணவாக இருக்க வேண்டும். அரைக்கும் செலவும் சுடும் செலவும்கூட அவன் பொறுப்பே. நம் உள்நாட்டு ஊர்களில் பெருவழக்கான ஹனஃபி மத்ஹபோ போதுமான அளவு என்பதை அடிப்படையாகக் கொண்டது. இரு வழிகளும் இவ்வளவு நாணயம் என்று சொல்லி நிற்கவில்லை. வாழும் ஊரின் உணவும் உடையும் உறைவிடமுமே அவற்றின் அளவுகோல். வசதிக்கேற்பச் செலவிடுமாறு திருமறை பணித்ததன் விரிவுரை இதுவென்று நாம் கொள்ளலாம்.

நம் அடுப்படி

இங்குள்ள பக்கத்தையும் நேர்மையாக எழுத வேண்டும். 1936இல் எழுந்த ராஜபாளையம் மில்லும் அதன்பின் வந்த நூற்பாலைகளும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தறிகளும், ஸ்ரீவில்லிபுத்தூரின் பாலும் பால்கோவாவும் இவ்வட்டாரத்துக்குக் கூலி தந்தவை. அக்கூலியை வெறும் எண்ணாக வைத்து அயல்நாட்டுச் சம்பளத்தோடு நிறுத்தினால் தட்டு எழும்பாது. ஆனால் இங்கே சொந்த வீட்டுக்கு வாடகை இல்லை. 2011 முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் கட்டணமில்லை; 1982 முதல் சத்துணவும் உண்டு. நோயுற்றால் இரவில் கூட இருக்க மாமியோ சாச்சியோ உண்டு. இவை எவையும் நம் ஏட்டில் வரவாகப் பதிவதில்லை.

அதற்காக, போகாதே என்று நாம் சொல்ல வரவில்லை. கடன் தீர்ந்த வீடுகளும், கரை சேர்ந்த குமர்களும், ஓடு மாறிய கூரைகளும், எழும்பிய பள்ளிவாசல்களும் அப்பணத்தின் நன்மைக்குச் சான்று. உள்ளூர்க் கூலியால் அடையாத கடன்கள் உண்டு என்பதையும் அறிவோம். ஆனால் நெடுநாள் இங்கே விலையும் உயர்ந்தது. அயல்நாட்டுப் பணம் தேடி வந்த மனைக்கும் மணவிழாவுக்கும் ஊரே விலை கொடுக்கிறது. மில் தொழிலாளியும் அதே மனையைத்தான் வாங்க வேண்டும்.

எனவே பிள்ளையை அனுப்புமுன், பெண்ணைத் தருமுன், ஒரு தாளில் மூன்று கோடு கிழிப்போம். முதலில் அவன் அங்கே தனியே உண்டு உறங்க ஆகும் செலவு. அடுத்து, அவன் குடும்பத்தோடு அங்கே வாழ ஆகும் செலவு. மூன்றாவது, அவர்கள் இங்கே ஒன்றாக வாழ ஆகும் செலவு. சம்பளத்தைப் பெருக்காமல் அந்தந்த நாட்டு நாணயத்திலேயே எழுதுவோம். முதற்கணக்கில் மட்டும் மிச்சம் காணுமாயின், அந்த மிச்சத்தின் விலை ஒரு பெண்ணின் தனிமை, ஒரு குழந்தையின் தந்தையில்லா ஆண்டுகள் என்று தெளிந்துகொள்வோம். எத்தனை ஆண்டு, எந்தக் கடன் தீரும்வரை என்று அவளையும் கேட்டு நாள் குறிப்போம். நாள் குறிக்கப்படாத பயணமே நம் வீடுகளை வருத்தியிருக்கிறது.

பெருக்கம் வேறு, பரக்கத் வேறு. இப்னு பதூதா இறைச்சியை நிறுத்தார். சட்ட நூலார் தானியத்தை அளந்தனர். கடையநல்லூர்த் தாய்மார் அரைத்த மசாலாவை எண்ணினர். நம் கணக்கும் அடுப்படியிலிருந்தே தொடங்கட்டும். நம் உழைப்பிலும் உணவிலும் அல்லாஹ் பரக்கத் அருள்வானாக.