உளவும் தொடர்பும் ஒரே மேசையில்: பென்டகனின் ஓர் உயர்பதவியும் அதன் பொறுப்பும்

1967 ஜூன் 8 அன்று சினாய் தீபகற்பத்தின் வடகரைக்கு அப்பால், 'லிபர்ட்டி' என்னும் அமெரிக்க உளவுக் கப்பலை இஸ்ரேலிய விமானங்களும் டார்ப்பிடோ படகுகளும் தாக்கின. 34 பேர் இறந்தனர். 171 பேர் காயமுற்றனர். தாக்குதல் தவறுதலாக நேர்ந்ததா, தெரிந்தே செய்யப்பட்டதா என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. இங்கு நமக்கு வேண்டியது அதுவன்று. கப்பலைக் கரையிலிருந்து 100 கடல்மைல் தொலைவுக்கு விலக்க வேண்டும் என்று வாஷிங்டனில் முப்படைகளின் கூட்டுத் தலைமை தாக்குதலுக்கு முன்பே முடிவெடுத்திருந்தது. ஆணைகளும் அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று வழிதவறிப் பிலிப்பைன்ஸுக்குப் போயிற்று. மற்றவை இடைநிலையங்களில் தாமதப்பட்டன. உரிய நேரத்தில் ஒன்றுகூடக் கப்பலை எட்டவில்லை.

ஏழரை மாதம் கழித்து, 1968 ஜனவரி 23 அன்று, 'பியூப்லோ' என்ற மற்றோர் உளவுக் கப்பலை வடகொரியா கைப்பற்றியது. கப்பலில் இருந்த 83 பேரில் ஒருவர் கொல்லப்பட்டார். எஞ்சிய 82 பேர் பதினொரு மாதம் சிறையில் வதைபட்டனர். வடகொரியா அண்மைக் காலமாக மூர்க்கமாக நடந்துகொள்கிறது, இப்பயணத்தின் ஆபத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள் என்ற பொருளில், தேசியப் பாதுகாப்பு முகமை 1967 டிசம்பர் 29 அன்றே எச்சரித்திருந்தது. பென்டகனுக்கு வந்த அந்த எச்சரிக்கை, பயணத்தை நிறுத்தவோ துணைக்கப்பல் அனுப்பவோ அதிகாரம் பெற்றவர்களின் கவனத்தை எட்டவேயில்லை.

முதல் நிகழ்வில் ஆணை கீழே இறங்கவில்லை. இரண்டாவதில் எச்சரிக்கை மேலே ஏறவில்லை. இரண்டிலும் அறிவுக்குக் குறைவில்லை. அறிந்தவரிடமிருந்து செயற்பட வேண்டியவரிடம் அது போய்ச் சேரவில்லை என்பதே குறை. ராணுவத் தகவல்தொடர்பையும் உளவையும் மேற்பார்க்கும் உயர் அதிகாரியின் முதற்கடமை இந்த இடைவெளிக்குப் பொறுப்பேற்பதே என்பது இக்கட்டுரையின் வாதம். செயற்கைக்கோள் வாங்குவதும் முகமைகளின் வரவுசெலவைச் சரிபார்ப்பதும் அதற்குப் பின்னால் வருபவை.

லிபர்ட்டி, பியூப்லோ ஆகியவற்றோடு, 1969 ஏப்ரலில் 31 பேருடன் வடகொரியாவால் வீழ்த்தப்பட்ட இ.சி.-121 விமானத்தின் நிகழ்வையும் சேர்த்து, அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் ஆயுதப்படைக் குழு ஆராய்ந்தது. உலகெங்கும் பரந்த ராணுவத் தொடர்புக்கு உரிமையாளர் என்று ஒருவரும் இல்லாதது அப்போது வெட்டவெளிச்சமாயிற்று. 1970களின் தொடக்கத்தில் உளவுக்கு ஓர் உதவிச் செயலரும் தொலைத்தொடர்புக்கு ஓர் உயர் அதிகாரியும் தனித்தனியே அமர்த்தப்பட்டனர். 1977இல் பாதுகாப்புச் செயலர் ஹரால்ட் பிரவுன் இவ்விரண்டையும் ஒரே உதவிச் செயலர் பதவியாக இணைத்தார். கட்டளை, கட்டுப்பாடு, தகவல்தொடர்பு, உளவு ஆகிய நான்கும் ஒருவர் கைக்கு வந்தன. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தை நடத்திவந்த ஜெரால்ட் டினீன் அதில் அமர்ந்தார்.

இந்த இணைப்பு வெறும் அலுவலகச் சிக்கனம் அல்ல என்பதை டினீனின் காலமே காட்டியது. 1979 நவம்பர் 9 அன்று, பயிற்சிக்கான போர்க்காட்சி ஒன்று வட அமெரிக்க வான்காப்புக் கட்டளையின் மெய்க்கணினியில் புகுந்து, சோவியத் ஏவுகணைகள் பாய்ந்து வருவதாகத் திரையில் காட்டியது. 1980 ஜூன் 3 அன்று 46 சென்ட் விலையுள்ள ஒரு சில்லு பழுதாகி அதே அச்சத்தைக் கிளப்பியது. இதில் எது உளவுப் பிழை, எது தொடர்புப் பிழை? பிரித்துச் சொல்ல இயலாது. உணரிகள் பொய் சொல்லவில்லை; அவற்றின் செய்தியைக் கொண்டுபோகும் வழியில்தான் பொய் பிறந்தது. வேறு உணரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது. சேகரிப்பும் கடத்தலும் இருவேறு ஆட்களின் பொறுப்பாக இருந்தால், இத்தகைய பிழையில் ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டி விலகிக்கொள்ள முடியும்.

1992இல் வெளியான பாதுகாப்புத் துறை ஆணை இப்பதவியின் எல்லையை விரித்து எழுதியது. கட்டளை, தொடர்பு, உளவு ஆகியவற்றோடு எதிர்உளவு, பாதுகாப்பு நெறிகள், தகவல் மேலாண்மை ஆகியவற்றிலும் செயலரின் முதன்மை ஆலோசகர் இவரே. பாதுகாப்புத் தகவலமைப்பு முகமை இவர் ஆணையின்கீழ் வந்தது. பாதுகாப்பு உளவு முகமை, தேசியப் பாதுகாப்பு முகமை ஆகியவற்றைத் துறையின் சார்பில் இவர் மேற்பார்த்தார். 1996இன் கிளிங்கர்-கோஹன் சட்டத்தையடுத்துத் துறையின் தலைமைத் தகவல் அதிகாரி என்ற பொறுப்பும் சேர்ந்தது. பட்டியல் நீண்டது. ஆனால் அதில் இல்லாத ஒன்றுதான் பதவியின் விதியை எழுதியது: பணப்பை.

அமெரிக்கச் சட்டப்படி படைகளைத் திரட்டுவதும் பயிற்றுவதும் ஆயுதம் அளிப்பதும் தரைப்படை, கடற்படை, வான்படைத் துறைகளின் வேலை. வானொலிக் கருவியை வாங்குபவர்கள் அவர்கள். உதவிச் செயலர் அறிவுரை கூறலாம், குழுவில் அமர்ந்து கேள்வி கேட்கலாம். விளைவை 1983 அக்டோபரில் கிரெனடாவில் காண்கிறோம். அங்கே இறங்கிய தரைப்படைப் பிரிவுகளால் கரைக்கப்பால் நின்ற போர்க்கப்பல்களோடு நேராகப் பேச முடியவில்லை. பலர் கையில் இருந்தது சுற்றுலா வரைபடம். அறியவும் வழியில்லை, பேசவும் வழியில்லை. இரண்டும் ஒரே தீவில், ஒரே வாரத்தில்.

1991 வளைகுடாப் போர் இன்னும் தெளிவான சான்று. ஒவ்வொரு நாளும் எந்த விமானம் எந்த இலக்கை எப்போது தாக்க வேண்டும் என்பதைச் சொல்லும் வான்பணி ஆணை, நூற்றுக்கணக்கான பக்கங்களில் ரியாத்தில் தயாரானது. அதை விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு மின்வழியே அனுப்ப இயலவில்லை. கடற்படை அதற்கேற்ற இணைப்பைப் பொருத்தியிருக்கவில்லை. எனவே அச்சிட்ட ஆணையையும் வட்டுகளையும் விமானத்தில் ஏற்றி ஒவ்வொரு கப்பலுக்கும் கொண்டுபோனார்கள். செயற்கைக்கோள் படங்களின் கதையும் இதுவே. படம் எடுப்பதில் எவரும் அமெரிக்காவை மிஞ்ச முடியாது. ஆனால் அப்படத்தைப் பெறும் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. கீழ்நிலைத் தளபதிகள் வேண்டிய படம் வேண்டிய நேரத்தில் கிடைக்காமல் குறைபட்டனர். போர் வென்றதால் இக்குறைகள் மக்கள் நினைவில் நிற்கவில்லை. வலிமையான எதிரி எதிரே நின்றிருந்தால் இதன் விலை உயிர்களாக இருந்திருக்கும்.

குறையைச் சொல்லும்போது சாதனையையும் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காமல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, தொடர்புப் படையில் உயர்ந்து, கறுப்பினத்தவருக்கு அரிதாகவே திறந்த கதவுகளைக் கடந்து, லெப்டினன்ட் ஜெனரலான எம்மெட் பேஜ் 1993 முதல் 1997 வரை இப்பதவி வகித்தார். தந்திக் கம்பி காலத்துச் சிப்பாயின் அனுபவமும் கணினி அறிவும் ஒருங்கே பெற்ற அவர் காலத்தில்தான், 1960களில் பிறந்து தேய்ந்துபோன உலகளாவிய ராணுவக் கட்டளை அமைப்பு 1996 ஆகஸ்டில் அணைக்கப்பட்டு, புதிய கட்டளை வலையம் அதன் இடத்தைப் பிடித்தது. பல படைகளின் கணினிகளைப் பொது அமைப்புக்குள் கொண்டுவர முடிந்ததற்குக் காரணம், கேட்பவரும் கடத்துபவரும் ஒரே மேசைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததே.

இணைப்பை எதிர்ப்போரின் வாதம் இலேசானதன்று. ஒரு மனிதனால் இத்தனையும் சுமக்க முடியாது என்றனர். இரண்டாயிரமாம் ஆண்டுக் கணினிச் சிக்கல் நெருங்கியபோது, இப்பதவியில் இருந்த ஆர்தர் மணியின் அலுவலகம் அதிலேயே மூழ்கியதும், உளவு பின்னுக்குத் தள்ளப்பட்டதும் உண்மை. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, சி.ஐ.ஏ. இயக்குநரோடு சமமாகப் பேச உதவிச் செயலர் என்ற தகுதி போதாது என்றும் கூறினர். இவ்வெண்ணத்தின்படி 2003இல் உளவுக்கு ஒரு படி உயர்ந்த துணைச் செயலர் பதவி உருவாகி, ஸ்டீபன் கேம்போன் அதில் அமர்ந்தார். எஞ்சிய பகுதி வலைப்பின்னல் ஒருங்கிணைப்பு எனப் பெயர் மாறி, 2012இல் உதவிச் செயலர் தகுதியையும் இழந்து தலைமைத் தகவல் அதிகாரியின் அலுவலகமாகச் சுருங்கியது.

தகுதி போதாது என்ற வாதத்தை ஏற்கிறேன். அதிலிருந்து பிரிவினைக்குத் தாவியதை ஏற்க முடியவில்லை. இருந்த பதவியையே ஒரு படி உயர்த்தியிருக்கலாம். சுமை மிகுந்தது என்பதற்கும் மருந்து இரு துணை அதிகாரிகள்தாம், இரு தலைமைகள் அல்ல. 1999 டிசம்பர் 31 இரவையே பாருங்கள். உளவுச் செயற்கைக்கோள்கள் வானில் பழுதின்றி இயங்கின. தரைநிலையக் கணினி அவற்றின் தரவைப் படிக்க மறுத்தது. சில மணி நேரம் முற்றாகவும், அடுத்த சில நாட்கள் பகுதியாகவும் அமெரிக்கா அந்தப் பார்வையை இழந்தது. கணினிச் சிக்கலை உளவிலிருந்து விலகிய கவனச்சிதறல் என்று கூறியோருக்கு அந்த இரவே பதில்.

பிரிவினைக்குப் பின் நடந்ததையும் எடைபோட வேண்டும். 2010இல் ஈராக்கில் பணியாற்றிய இளநிலை உளவு ஆய்வாளர் ஒருவர், ரகசிய வலையத்திலிருந்து லட்சக்கணக்கான ஆவணங்களை வட்டில் நகலெடுத்து வெளியேற்றினார். 2011 மார்ச்சில் செனட் குழு விளக்கம் கேட்டபோது, பென்டகன் சார்பில் இருவர் அமர வேண்டியிருந்தது: தகவல் அதிகாரி தெரசா டாக்காய், உளவுத் துணைச் செயலர் அலுவலகத்தின் தாமஸ் ஃபெர்குசன். வலையத்தின் பூட்டு ஒருவர் பொறுப்பு; அதற்குள் இருந்த பொருளும் அதைத் தொடுவோரின் நம்பகத்தன்மையும் மற்றவர் பொறுப்பு. 1967இல் இருந்த இடைவெளி, பெயர்ப்பலகைகள் மாறிய பின்னும், அதே இடத்தில் திறந்து கிடந்தது.

2003இன் பிரிவினை தவறான முடிவு. உளவையும் தொடர்பையும் மீண்டும் ஒருவர் பொறுப்பில் வைத்து, அவருக்குத் துணைச் செயலர் தகுதியும், பிற கருவிகளோடு ஒத்துப்போகாத கருவிக்குப் பணம் மறுக்கும் அதிகாரமும் சட்டத்தாலேயே வழங்க வேண்டும். இவற்றுள் இரண்டாவது அதிகாரத்தை 1977 முதல் இப்பதவி வகித்த எவரும் பெற்றிருக்கவில்லை.