கோவளம் கடற்கரை (செங்கல்பட்டு மாவட்டம்)

கோவளம் தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டம், திருப்போரூர் வட்டத்தில் வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ள ஒரு மீனவ ஊராகும். சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. கேரளத்தில் திருவனந்தபுரத்துக்கு அருகிலும், கன்னியாகுமரிக்கு அருகிலும் இதே பெயரில் கடற்கரை ஊர்கள் உள்ளன. விடுதி அறைக்கு இணையவழி முன்பதிவு செய்வோர் ஊரை மாற்றிப் பதிந்துவிடுவதற்கு இப்பெயரொற்றுமை இடமளிக்கிறது. ஐரோப்பியர் தம் பதிவேடுகளில் இவ்வூரைக் 'கோவ்லாங்' என எழுதினர். அப்பெயர் அலைச்சறுக்கு விளையாட்டினரிடையே இன்றும் வழங்குகிறது.

தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதி மக்களுக்கு ஓரிரவு தங்கித் திரும்பத்தக்க தொலைவில் உள்ள கடற்கரை இதுவாகும்.

வரலாறு

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்ட் வணிகக் குழுமம் இங்குப் பண்டகசாலை நடத்தியது. பின்னர் ஆற்காட்டு நவாப்புகளின் ஆட்சியில் கடலோரத்தில் கோட்டை எழுந்தது. ஊருக்குச் 'சதத்பந்தர்' என்ற பெயரும் வழங்கியது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கருநாடகப் போர்களில் மோதியபோது கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் சென்றது. 1752இல் இராபர்ட் கிளைவ் அதனைக் கைப்பற்றிய பின், செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். அவரிடமிருந்த ஐரோப்பிய வீரர்களுள் பெரும்பாலோர் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திறங்கிய பயிற்சியற்றவர்கள். பீரங்கி ஓசைக்கு அஞ்சிய காவலன் ஒருவன் சில மணி நேரம் கழித்துக் கிணற்றின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டதாக மெக்காலே எழுதியுள்ளார். கோட்டை பின்னர் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அக்கோட்டை இருந்த நிலத்தில் 1970களில் தாஜ் குழுமத்தின் 'ஃபிஷர்மென்ஸ் கோவ்' விடுதி அமைக்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே கடற்கரை விடுதி என்னும் தொழில் வேரூன்றியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. சுற்றுலாக் குறிப்புகளில் இவ்விடம் 'டச்சுக் கோட்டை' எனக் குறிக்கப்படுவது வழக்கம். எனினும் 1752ஆம் ஆண்டுப் போரில் இடம்பெறுவது நவாப்புகளின் காலத்துக் கோட்டையே.

ஊரில் தமீம் அன்சாரி தர்காவும், கார்மேல் மாதா கோயிலும் உள்ளன. மாதா கோயில், போர்த்துகீசிய வழிவந்த சென்னை வணிகர் ஜான் டி மான்டியுடன் தொடர்புடையது. சென்னை ஆழ்வார்பேட்டையில் உள்ள டிமான்டி காலனிக்குப் பெயர் தந்தவரும் இவரே. 2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் கோவளம் மீனவர்கள் படகுகளையும் வலைகளையும் இழந்தனர்.

கடற்கரை யாருக்கு உரியது

விடுதி விளம்பரங்களில் 'தனிக் கடற்கரை' என்ற சொல் அடிக்கடி காணப்படுகிறது. விடுதியின் நிலம் தனியாருடையதாக இருக்கலாம். அலை வந்து மீளும் மணற்பரப்பு அவ்வாறன்று. 1991இல் முதன்முதலாக வெளியிடப்பட்டு 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் மாற்றியமைக்கப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், உயர் அலைக் கோட்டிலிருந்து பொதுவாக 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் கட்டடம் எழுப்புவதற்குக் கட்டுப்பாடு விதிக்கின்றன. ஆகவே 'தனிக் கடற்கரை' என்பதற்கு, விடுதியின் வாயில் நேராகக் கடற்கரையில் திறக்கிறது என்பதற்கு மேல் பொருள் கொள்ளல் ஆகாது.

கடற்கரை விடுதிக்குப் பெயர்பெற்ற கரிபியன் நாடுகளிலும் இவ்வழக்கு உண்டு. பார்படோசில் கடற்கரைகள் அனைத்தும் பொதுமக்களுக்கு உரியவை. யமேக்காவிலோ 1956ஆம் ஆண்டுக் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொதுமக்களுக்குப் பொதுவான நுழைவுரிமை எதனையும் வழங்கவில்லை. அதனால் விடுதிகள் பெருகப் பெருக உள்ளூர் மீனவர்கள் கடலுக்குச் செல்லும் வழியை இழக்கின்றனர் என்ற முறையீடு அங்கு நெடுநாளாக உள்ளது. கோவளத்தில் கண்ணாடியிழைப் படகுகள் இன்றும் மணலிலேயே ஏற்றி நிறுத்தப்படுகின்றன. வலை உலர்த்துவதும், சிக்கெடுப்பதும், மீன் விற்பதும் இக்கரையிலேயே நடைபெறுகின்றன. விடுதியில் தங்குவோருக்கு இது இடையூறாகத் தோன்றக்கூடும். ஆனால் ஊர் விடுதிக்கு மூத்தது.

2021இல் இக்கடற்கரையின் ஒரு பகுதி, டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளையின் 'நீலக்கொடி' சான்றைப் பெற்றது. தமிழ்நாட்டில் இச்சான்றைப் பெற்ற முதல் கடற்கரை இதுவாகும். நீரின் தூய்மை, கழிவகற்றல், உயிர்காப்பு ஏற்பாடு முதலியன இதற்கான அளவுகோல்கள். சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாகும்.

செம்பாக்கத்து நீரும் கோவளத்துக் கடலும்

செம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் உள்ள தொடர்பு சாலையால் மட்டும் ஆனதன்று. செம்பாக்கம் ஏரியின் மிகைநீர் நன்மங்கலம் ஏரிக்கும், பின்னர்ப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் செல்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கு நோக்கி ஓடி, கோவளத்துக்குச் சற்று வடக்கே முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. 2015 திசம்பர் வெள்ளத்தின்போது தென்சென்னைப் புறநகர்களில் தேங்கிய நீர் வடிவதற்கு இதுவே முதன்மை வழியாக இருந்தது.

புறநகர் வளர்ந்த வேகத்தில் பாதாளச் சாக்கடை வளரவில்லை. செம்பாக்கம் ஏரியில் வீடுகளின் கழிவுநீர் கலப்பது நீண்டகாலச் சிக்கலாகும். ஏரியைச் சீரமைக்கும் பணிகள் தன்னார்வ அமைப்புகளின் துணையுடன் மேற்கொள்ளப்பட்டுள்ளன. செம்பாக்கம் நகராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோடையில் முட்டுக்காட்டு முகத்துவாரம் மணல்திட்டால் அடைபடுவதால் கழிமுகத்து நீர் தேங்கி நிற்கிறது. மழைக்காலத்தில் மணல்திட்டு உடையும்போது, மேலே உள்ள ஊர்கள் கால்வாயில் விட்டவை அனைத்தும் சேர்ந்து கடலுக்குள் பாய்கின்றன. எனவே கனமழைக்குப் பிந்தைய சில நாட்களில் முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் இறங்காதிருப்பது நல்லது.

பருவமும் கடலின் இயல்பும்

தங்குவதற்கு ஏற்ற காலம் சனவரி முதல் மார்ச்சு நடுப்பகுதி வரை ஆகும். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வரும். அக்காலத்தில் அறை வாடகை குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் கடலில் இறங்க இயலாத நாட்கள் பல. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் கடுமையாக இருக்கும். கடற்காற்று எழுந்த பிறகு மாலைப்பொழுது தணிகிறது. கிழக்குக் கரையாதலால் கதிரவன் கடலில் எழுகிறதேயன்றிக் கடலில் மறைவதில்லை. கடல் பார்த்த அறையில் தங்குவோர் விடியற்காலையில் விழித்தெழுவதே பயன்தரும்.

மீன் உணவை விரும்பிச் செல்வோர் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். விசைப்படகுகளுக்கான இத்தடையால் பெரிய மீன்களின் வரத்து குறைந்து விலை ஏறும். சிறு படகு மீனவர்கள் கொண்டுவரும் மீன் அப்போதும் கிடைக்கும்.

சோழமண்டலக் கரை அமைதியான குளியலுக்கு உரிய கரை அன்று. பவளத்திட்டுகளால் அரண் செய்யப்பட்ட கரிபியன் விரிகுடாக்களைப் போலன்றி, இங்கு அலை திறந்த கடலிலிருந்து நேராக வந்து கரையில் உடைகிறது. உடைந்த நீர் மீண்டும் கடலுக்குள் செல்லும்போது, சில இடங்களில் குறுகிய, விரைவான நீரோட்டமாக இழுக்கும். அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் பகுதியே பல வேளைகளில் இவ்விழுப்பு உள்ள பகுதியாக இருப்பதால், புதிதாக வருவோர் அதனையே பாதுகாப்பான இடமெனத் தேர்ந்து உயிரிழக்கின்றனர். நீந்தத் தெரிந்தோர் இழுப்பில் அகப்பட்டால், எதிர்த்து நீந்திக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். நீந்தத் தெரியாதோர் முழங்காலளவு நீரைத் தாண்டலாகாது. எங்கு இறங்கலாம் என்பதை உயிர்காப்பாளரிடமோ, படகருகில் உள்ள மீனவரிடமோ கேட்டறிவது முறையாகும்.

இதே அலையே ஊர் இளைஞர்களுக்கு வாழ்வும் அளித்துள்ளது. மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தோர் அலைச்சறுக்கு கற்றுத் தேர்ந்து, வருவோருக்குப் பயிற்சி அளிக்கின்றனர். 2013 முதல் இங்கு அலைச்சறுக்கு விழாக்களும் நடத்தப்பட்டுள்ளன.

செல்லும் வழி

செம்பாக்கத்திலிருந்து இரு வழிகள் உள்ளன. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் மேடவாக்கம் சென்று, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைவது ஒன்று. இச்சாலையில் அக்கரைக்குத் தெற்கே சுங்கம் வசூலிக்கப்படுகிறது. தாம்பரம், வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் சென்று, அங்கிருந்து கிழக்கே கோவளம் சாலையில் திரும்புவது மற்றொன்று. விடுமுறை நாட்களில் சோழிங்கநல்லூர் சந்திப்பின் நெரிசலைத் தவிர்க்க இரண்டாம் வழி உதவும். பேருந்தில் செல்வோர் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் சென்று மாறிச் செல்லலாம்.

விடுதியில் அறை எடுக்கும்போது, குறிப்பிடப்படும் வாடகையில் காலை உணவும் வரியும் அடங்குமா எனக் கேட்டறிய வேண்டும். 2025 செப்டம்பர் மாற்றத்தின்படி, நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 விழுக்காடும் ஆகும். ஊருக்குள் சிறு தங்குமிடங்களும் உள்ளன. மாமல்லபுரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி உள்ளது.

அண்மையிலுள்ள இடங்கள்

வடக்கே முட்டுக்காடு படகுத் துறையும், 1996இல் தொடங்கப்பட்ட தட்சிணசித்ரா கலைக்கூடமும் உள்ளன. தெற்கே திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலும், வடநெம்மேலியில் 1976இல் நிறுவப்பட்ட முதலைப் பண்ணையும் உள்ளன.

சனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இக்கரைப் பகுதிக்கு வருகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் ஒளியுள்ள திசையைக் கடலெனக் கருதிச் செல்பவை. ஆதலால் விடுதிகளின் விளக்குகள் அவற்றை நிலத்தின் பக்கம் ஈர்த்துவிடுகின்றன. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சடைத்ததே காரணமெனக் கூறப்பட்டது. இப்பருவத்தில் தங்குவோர் இரவில் கடல் பார்த்த மாடத்தின் விளக்கை அணைத்து வைக்கலாம்.