கடைமடை வெளிச்சம்

பத்தமடை என்ற பேரிலேயே மடை இருக்கிறது. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயின் தண்ணீர் பாய்கிற ஊர். கால்வாயை நம்பி விவசாயம் பார்க்கிறவங்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்: தலைமடை வயல் முதலில் நிறையும், கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பள்ளத்தாக்குக்கு மின்சாரம் வந்தபோது அதே வழக்கு கம்பியிலும் ஏறியது. ஆனால் இதைத் தீர்க்க மண்வெட்டி உதவாது. பெருக்கலும் வகுத்தலும் தெரிய வேண்டும்.

1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியை ஒட்டி, விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை வைத்தார்கள். பருத்தி விளைந்ததோ கரிசல் காட்டில். துறைமுகமோ தூத்துக்குடியில். பிறகு ஏன் மலையடிவாரத்துக்குப் போனார்கள்? விழுகிற தண்ணீரின் விசையைச் சக்கரம், தண்டு, பெல்ட் வழியாகத்தான் அன்றைக்குக் கடத்த முடிந்தது. அது ரொம்ப தூரம் போகாது. அதனால் ஆலைதான் அருவியைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

அந்தத் தூரத்தைத் தாண்டுவதற்கான கணக்கு அதற்கு அரை நூற்றாண்டு முன்பே போடப்பட்டுவிட்டது. கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த கேயார்க் ஓம், 1827இல் வெளியிட்ட நூலில் சொன்னது இவ்வளவுதான்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. சொந்த நாட்டில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் அவருக்குக் கோப்லி பதக்கம் கொடுத்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில், மதுவடிப்பாலைக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் இன்னொன்றைச் சொன்னார்: கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு.

இந்த 'வர்க்கம்' என்ற ஒரு சொல்தான் மின்சாரத்தின் வரலாற்றையே திருப்பியது. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி கொடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் தாண்டி கோலார் தங்கவயலுக்குப் போனது. சென்னை மாகாணத்தில் பைக்காரா, மேட்டூர் நிலையங்களுக்குப் பிறகு 1944இல் பாபநாசம் நிலையம் ஓடத் தொடங்கியது. அங்கிருந்த ஒரு இயந்திரத்தின் திறன் 7 மெகாவாட், அதாவது 70 லட்சம் வாட்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். மூன்று கம்பி முறையின் நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டு, தூத்துக்குடி வரைக்குமான கம்பியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 70 லட்சத்தை 11,000ஆல் வகுக்கணும்: 636 ஆம்பியர். அதன் வர்க்கத்தை 20ஆல் பெருக்கினால் இழப்பு 80 லட்சம் வாட்டுக்கு மேல். அனுப்புவதைவிட இழப்பு அதிகம்! அப்படி அனுப்பவே முடியாது என்று அர்த்தம். 66,000 வோல்ட்டில் ஓட்டம் வெறும் 106 ஆம்பியர், இழப்பு சுமார் 2.25 லட்சம் வாட். நூற்றுக்கு மூன்று சொச்சம்தான். அருவியை விட்டு ஆலை வெளியே வந்தது இந்தக் கணக்கின் தயவில்.

ஆனால் வீட்டுக்குள் 66,000 வோல்ட்டைக் கொண்டுவர முடியாது. டிரான்ஸ்பார்மரில் 230க்கு இறக்கியதுமே பழைய கடைமடைப் பிரச்சினை திரும்பி வந்துவிடும். டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருவின் கடைசி வீடு வரை கம்பியின் தடை அரை ஓம் என்று வைப்போம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் சுவிட்சைப் போட, கம்பியில் 100 ஆம்பியர் ஓடுகிறது. நூறு பெருக்கல் அரை: 50 வோல்ட் வழியிலேயே போச்சு. கடைசி வீட்டுக்கு மிச்சம் 180.

அந்தக் கடைசி வீட்டில் பாய்த் தறி இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கோரையை மெல்லிசாகக் கீறி, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, பருத்திப் பாவில் நெய்கிற பத்தமடைப் பாய் கண்ணை நம்பிய வேலை. பட்டுப்பாயைத் துணி மாதிரி மடிக்கலாம், அத்தனை நுணுக்கம். மேலே தொங்குவது 40 வாட் குண்டு பல்பு. மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் அதன் தடை: சுமார் 1,322 ஓம். 180 வோல்ட்டில் அதே தடை இருந்தால் 24.5 வாட்தான் எரியும். சூடு குறையும்போது டங்ஸ்டன் இழையின் தடையும் குறைவதால், நிஜத்தில் 27 வாட் அளவுக்கு வரும். வெளிச்சமோ இன்னும் வேகமாக விழும், பாதிக்கும் கீழே. பல்பில் அச்சடித்த 40 வாட் 230 வோல்ட் வந்தால்தான் உண்மை. இரண்டு வீட்டுக்காரரும் ஒரே பல்புக்கு ஒரே விலைதான் கொடுத்தார்கள்.

கம்பத்துக்குக் கம்பம் அலைந்து, மனு எழுதி, தெருவுக்கு நடுவில் இன்னொரு டிரான்ஸ்பார்மர் வாங்கினால் என்ன ஆகும்? ஓட்டமும் பாதி, கம்பியும் பாதி: 50 பெருக்கல் கால், 12.5 வோல்ட். கடைசி வீட்டுக்கு 217.5 வந்து சேரும்.

இன்றைக்கு எல்.இ.டி. பல்புகள் பெரும்பாலும் 180 வோல்ட்டிலும் மங்காமல் எரிகின்றன. அதனால் பிரச்சினை கண்ணுக்குத் தெரியாமல் வயலுக்கு நகர்ந்துவிட்டது. லோ வோல்ட்டேஜில் பம்புசெட் மோட்டார் அதிக ஓட்டத்தை இழுக்கும். ஜூல் சொன்ன வர்க்கம் காயிலைச் சுட்டுவிடும். 'மோட்டார் எரிஞ்சு போச்சு' என்று ஒருத்தர் சொன்னால், மோட்டாரைக் குறை சொல்லும் முன், அது டிரான்ஸ்பார்மரிலிருந்து எத்தனையாவது கம்பத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.